560ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தைத் தேடி

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழ் எழுதுவினைஞர்களின் சம்பளவேற்றத்தை நிறுத்தியது என்று 1980களின் நடுப்பகுதியில் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தேன். பத்திரிகைக்காரர் நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதி வந்தோம். கட்டுரை வெளியாகிச் சில நாட்களில், இளைப்பாறிய அரசாங்க எழுதுவினைஞர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. "அந்தச் சட்டத்தை நான் வாசித்திருக்கிறேன். அதில் சம்பளம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. என்னுடைய சம்பளவேற்றத்தை நிறுத்திய கடதாசி எது என்பதைத் தாங்கள் அறிவீர்களா?" என்று கேட்டிருந்தார்.

நான் அறிந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தச் சட்டத்தை நான் அதுவரை கண்ணால் கண்டதும் இல்லை.

சட்டத்தரணியாகிய நண்பர் ஒருவரின் தயவினால் புதுக்கடையில் ஒரு சட்ட நூலகத்தினுள் நுழைய எனக்கு அனுமதி கிடைத்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டங்களின் தொகுதியை எடுத்து 33ஆம் இலக்கச் சட்டத்தைப் பிரித்தபோது திகைப்பே உண்டாயிற்று. நாட்டின் போக்கையே மாற்றிய அந்தச் சட்டம் வெறும் மூன்று பிரிவுகள் கொண்டது. சிங்களமே ஒரே அரசகரும மொழி என்பது இரண்டாம் பிரிவு. நடைமுறை மாற்றத்துக்கு 1960 டிசம்பர் 31 வரை அங்கே அவகாசம் தரப்பட்டிருந்தது. மூன்றாம் பிரிவு அமைச்சருக்கு ஒழுங்குவிதிகள் ஆக்கும் அதிகாரத்தை வழங்கியது. ஆனால் அவ்வொழுங்குவிதிகளைச் செனற் சபையும் பிரதிநிதிகள் சபையும் அங்கீகரித்து, வர்த்தமானியில் அறிவித்த பின்னரே அவை செல்லுபடியாகும். கடிதம் எழுதியவர் சொன்னது முற்றிலும் சரி.

ஆகவே வர்த்தமானித் தொகுதிகளைப் புரட்டத் தொடங்கினேன். இரண்டு நாட்கள் போயின. தூசியால் வந்த தடிமனைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அதற்கிடையில் ஓர் அரசாங்க அலுவலகத்திலும் விசாரித்தேன். பழைய கோவைகள் அகற்றப்பட்டுவிட்டன என்று, நான் கேள்வியை முடிக்குமுன்னரே, பதில் வந்தது.

மூன்றாம் நாள் என் அலைச்சலைப் பார்த்த நண்பர் சொன்னார்: "நீர் சட்டத்தைத் தேடுகிறீர். வழக்கைத் தேடும்." இவ்வளவு காலமும் நீதிமன்றச் செய்திகளை எழுதிய எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. 'புதிய சட்ட அறிக்கைகள்' வரிசையின் 72ஆம் தொகுதி, 337ஆம் பக்கம்: கோடீஸ்வரன் எதிர் சட்டமா அதிபர். திறைசேரியின் 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம், திகதி 1961 டிசம்பர் 4. சட்டம் கொடுத்த அவகாசம் முடிந்து ஓராண்டு ஆகுமுன் வந்த கடதாசி அது. குறித்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தரின் சம்பளவேற்றத்தை நிறுத்த வழிசெய்தது.

வழக்கின் கதையைப் பலர் அறிவர். எழுதுவினைஞராகிய கோடீஸ்வரன் தமக்கு 1962இல் உரிய சம்பளவேற்றம் மறுக்கப்பட்டதும் நீதிமன்றம் சென்றார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், மொழிச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. சம்பளத்துக்காக முடியின்மீது அரசாங்க ஊழியர் வழக்குத் தொடர முடியாது என்பதே அது சொன்ன காரணம். மொழிப் பிரச்சினைக்குள் அது இறங்கவில்லை. 1969 டிசம்பர் 11இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்குத் தொடரலாம் என்று கூறி, அரசியலமைப்புக் கேள்வியை ஆராயுமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அங்கே அது மறுபடி விசாரிக்கப்படவே இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சிங்களம் அரசகரும மொழி என்பதோ அரசியலமைப்பினுள்ளேயே ஏறிவிட்டது.

என்னை உறுத்தியது வேறொரு விடயம். ஒழுங்குவிதியாக வந்திருந்தால் இரு சபைகளிலும் அது விவாதிக்கப்பட்டிருக்கும், தமிழ் உறுப்பினர்கள் எழுந்து பேசியது ஹன்சாட்டில் இருந்திருக்கும், வர்த்தமானியிலும் அச்சேறியிருக்கும். சுற்றுநிருபத்துக்கு இவை ஒன்றும் வேண்டியதில்லை. தட்டச்சில் அடித்துத் திணைக்களங்களுக்கு அனுப்பினால் போதும். சட்டத்தையும் ஹன்சாட்டையும் தோற்கட்டுக் கட்டி நூலகங்கள் பாதுகாக்கின்றன. சுற்றுநிருபத்தை எவரும் கட்டி வைப்பதில்லை. ஒரு எழுதுவினைஞர் துணிந்து வழக்காடியதாலேயே அந்த இலக்கமும் திகதியும் சட்ட நூலகத்தின் அலுமாரிக்குள் வந்து சேர்ந்தன. வழக்காடாதவர்களைப் பாதித்த எத்தனையோ சுற்றுநிருபங்களுக்கு அந்த இடமும் வாய்க்கவில்லை.

இன்று 'புதிய சட்ட அறிக்கைகள்' இணையத்திலும் கிடைக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பிக்கவும் முடியும். அகற்றப்பட்ட கோவையை அச்சட்டத்தாலும் திருப்பித் தர முடியாது.

இலக்கம், திகதி, தொகுதி, பக்கம் ஆகியவற்றைக் குறித்து அந்தப் பெரியவருக்கு அனுப்பி, என் தவறையும் ஒப்புக்கொண்டேன். தபாலட்டையில் பதில் வந்தது: "இலக்கம் சரி. இருபத்துச் சொச்சம் வருடமாக நினைவுக்கு வராமல் இருந்தது." அவர் பின்னர் காலமாகிவிட்டார்.

சுற்றுநிருபத்தின் முழுப் பிரதி இன்றுவரை என் கைக்கு எட்டவில்லை. தந்தையாரின் அல்லது பாட்டனாரின் பெட்டியில் பழைய உத்தியோகக் கடதாசிகள் வைத்திருப்போர் ஒருமுறை பார்த்து, கிடைத்தால் ஒரு படியை எனக்கு அனுப்பி உதவுவார்களாக.