ரேஸ் புத்தகமும் கிண்டி மதிலும்

நம் மணிமுத்தாறு பக்கம் ரேஸ் கோர்ஸ் கிடையாது. அணை, அருவி, பட்டாலியன், மாஞ்சோலைக்கு ஏறும் சாலை, இவைதான் ஊரின் அடையாளங்கள். ஆனாலும் ‘ரேஸ்’ என்ற சொல் இங்கே யாருக்கும் புதிதல்ல. சென்னையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, நம் குடியிருப்பில் வந்து குடியேறியிருக்கும் பெரியவர்களிடம் ‘கிண்டி’ என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். பாதிக் கதையில் குரல் தாழ்ந்துவிடும். அந்தச் சிரிப்புக்கும் தாழ்ந்த குரலுக்கும் நடுவே உள்ள வரலாற்றை இந்த இதழில் பார்க்கலாம்.

தாமிரபரணிக்கு வந்த குதிரைகள்

குதிரைக்கும் நம் ஆற்றுக்கும் உள்ள உறவு கிண்டியைவிடப் பழையது. தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகம், பாண்டியர் காலத்தில் குதிரை இறக்குமதிக்குப் பேர்போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கு வந்துபோன மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து கப்பல்களில் குதிரைகள் வந்திறங்கியதை எழுதிவைத்திருக்கிறார். நம் ஊர்த் தட்பவெப்பமும், சோறும் இறைச்சியும் கலந்த தீனியும் ஒத்துக்கொள்ளாமல் அவை சீக்கிரமே செத்துப்போயின. லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடவில்லை என்றும் அவர் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு செய்தி தருகிறார். ஒரு குதிரையின் விலை 220 தினார். வரும் வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டிய அரண்மனையே விலை கொடுத்துவிடுமாம். தோற்றாலும் காசு வருகிற பந்தயம் அது. அதற்குப் பிறகு அப்படியொரு பந்தயம் யாருக்கும் வாய்க்கவில்லை.

போருக்கு வாங்கிய குதிரையை விளையாட்டுக்கு ஓட்டியது வெள்ளைக்காரர் காலத்தில்தான். நம் தென்பகுதியில் பந்தயம் என்றால் மாட்டு வண்டிதான் முதலில் நினைவுக்கு வரும். கோயில் கொடையை ஒட்டிப் பெரிய மாட்டு வண்டி, சின்ன மாட்டு வண்டி, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். சில ஊர்களில் குதிரை வண்டிப் பந்தயமும் உண்டு. அங்கே பெரிதாகப் பேசப்படுவது ஊர்ப் பெயரும் மாட்டுக்காரர் பெயரும் வண்டி ஓட்டும் சாரதியின் பெயரும். கிண்டியில் பேசப்பட்டது வேறு.

கிண்டி

சென்னையில் குதிரைப் பந்தயத்தின் தொடக்கத்தை 1777 என்று சொல்வார்கள். கம்பெனி அதிகாரிகளின் பொழுதுபோக்காக ஆரம்பித்து, 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் முறையான அமைப்பாக உருவெடுத்தது. குளிர் மாதங்களில் கிண்டி, கோடையில் ஊட்டி என்று இரண்டு இடங்களிலும் அந்தக் கிளப்பே பந்தயம் நடத்தியது. துரைமார்கள் வெயிலுக்குப் பயந்து மலையேறும்போது குதிரைகளும் கூடவே ஏறின. ஊட்டி ரேஸ் தமிழ் வருடப் பிறப்பை ஒட்டித் தொடங்குவது வழக்கமாயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் இடத்துக்கு நம்மவர்கள் வந்தார்கள். செட்டிநாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி அதில் முதன்மையானவர். இந்தியா முழுவதும் நூற்றுக்கணக்கான பெரிய கோப்பைகளை அவருடைய குதிரைகள் வென்றன. ஜெமினி ஸ்டுடியோவை உருவாக்கிய எஸ்.எஸ். வாசனும் ரேஸ் பிரியர். ஸ்டுடியோவுக்கு அந்தப் பெயர் வந்ததே அவருடைய குதிரை ஒன்றின் பெயரால்தான் என்று சினிமா வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு.

ஆனால் மைதானத்தை நிறைத்தவர்கள் இவர்கள் அல்ல. பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலில் ஏறி, கிண்டியில் இறங்கி, வேகவேகமாக நடந்தவர்கள்தான். குமாஸ்தா, டிரைவர், மில் தொழிலாளி, கடைச் சிப்பந்தி. மெம்பர்களுக்குத் தனி ஸ்டாண்ட். மற்றவர்களுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அடைப்புகள். கையில் ரேஸ் புத்தகம், காதில் சொருகிய பென்சில். குதிரையின் வயது, சுமக்கும் எடை, ஜாக்கி யார், டிரெய்னர் யார், போன முறை எத்தனையாவது வந்தது எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்தவரும் பர்லாங், பவுண்டு, வினாடி என்று கணக்குப் போடுவார். ஒரு பர்லாங் என்பது சுமார் 200 மீட்டர்.

கெட்டிக்காரக் குதிரைக்கு அதிக எடை ஏற்றி, சுமாரான குதிரைக்குக் குறைத்து, இரண்டும் ஒன்றாக வந்து சேரும்படி செய்வது ‘ஹேண்டிகேப்’. எந்தக் குதிரையும் சுலபமாக ஜெயித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதனால்தான் பந்தயம் பார்க்க அவ்வளவு விறுவிறுப்பு. பணம் கட்ட அவ்வளவு ஆபத்து.

டோட்டின் கணக்கு

பணம் கட்ட இரண்டு வழிகள். ஒன்று, புக்கி. இந்தக் குதிரை ஜெயித்தால் ஒன்றுக்கு இத்தனை என்று அவர் விலை சொல்வார். மற்றொன்று, ‘டோட்’. எல்லோரும் கட்டும் பணத்தை ஒரே குவியலாகச் சேர்த்து, வரியும் கிளப்பின் பங்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. 1860களில் பாரீஸில் பிறந்த முறை இது. 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதற்கென்றே ஒரு பெரிய கணக்கு இயந்திரத்தை நிறுவினார்கள். அதன் சுருக்கப் பெயர்தான் நம் வாயில் டோட் ஆயிற்று. ‘வின்’ என்றால் முதலில் வர வேண்டும். ‘பிளேஸ்’ என்றால் முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும். வரிசையாகப் பல பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளைச் சரியாகச் சொன்னால் ஜாக்பாட். அந்தச் சொல் ரேஸுக்கே போகாதவர்கள் பேச்சிலும் கலந்துவிட்டது.

இந்த டோட்டை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம். 100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். குவியல் 10,000. நூற்றுக்கு இருபது பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம். 8,000 ரூபாய் திரும்பி வருகிறது. அதையே அடுத்த பந்தயத்தில் கட்டினால் 6,400. அதற்கடுத்து 5,120. பத்தாவது பந்தயம் முடியும்போது அந்த 100 பேரின் கையிலும் சேர்த்து மிஞ்சுவது 1,074 ரூபாய்தான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. குதிரை நேர்மையாக ஓடியது, ஜாக்கி நேர்மையாக ஓட்டினார், எல்லாம் சரி. ஆனாலும் பணம் கரைந்துவிட்டது. யாரோ ஒருவர் பை நிறைய வாங்கிப் போனார் என்பது உண்மைதான். அவர் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மற்ற 99 பேரும் ரயிலில் பேசாமல் திரும்பினார்கள்.

முதல் தேதிச் சம்பளம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கிண்டிக்குப் போய்விட்ட குடும்பங்கள் அந்தக் காலச் சென்னையில் ஏராளம். மளிகைக் கடைக் கடன், அடகுக் கடைச் சீட்டு, வாடகை பாக்கி. ரேஸ் புத்தகத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. கணக்கு எழுதியவர்கள் வீட்டில் இருந்த பெண்கள்.

மூன்று அரசுச் செயல்கள், ஒரு தீர்ப்பு

இந்த நிலையில்தான் 1974இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன், 1968இல் அண்ணா அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஏழையின் காசு குதிரைக்குப் போகக் கூடாது என்றது அரசு. அதே ஏழை தெருமுனையில் லாட்டரிச் சீட்டு வாங்கினார். அந்தக் கதை ஜெயலலிதா அரசு 2003இல் லாட்டரியைத் தடை செய்தபோதுதான் முடிந்தது.

கிளப் நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றத்தின் தடையாணையோடு குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. வழக்கு நடக்கும்போதே, 1986இல் எம்.ஜி.ஆர். அரசு இன்னொரு சட்டம் இயற்றியது. இந்த முறை ஒழிப்பதற்கு அல்ல. கிளப்பை அரசே எடுத்துக்கொள்வதற்கு. ஒழிக்க வேண்டியது என்று ஒரு சட்டம், எடுத்து நடத்தலாம் என்று மற்றொரு சட்டம். இரண்டும் ஒரே மைதானத்தைப் பற்றி!

1996 ஜனவரி 12ஆம் தேதி, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் அல்ல. குதிரையின் வேகமும் பயிற்சியும், ஜாக்கியின் திறமையும் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றை எடைபோட்டுப் பணம் கட்டுவதும் திறமை சார்ந்ததே என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று ரத்தானது. கிண்டியில் மகிழ்ச்சி.

மதில் போனபின்

அந்தத் தீர்ப்பின் நிழல் கிண்டியோடு நிற்கவில்லை. ‘திறமை விளையாட்டு’ என்ற அந்தச் சொல்லை, கால் நூற்றாண்டு கழித்து, செல்போன் ரம்மி நிறுவனங்கள் கையில் எடுத்தன. தமிழ்நாடு அரசு 2021இல் செய்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் அரசு மீண்டும் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் அந்தச் சட்டத்தை ஏற்ற உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விலக்கியது. பிறகு 2025இல், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று அரசு விதி போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. அதை எதிர்த்தும் வழக்குகள் தொடரப்பட்டன.

கிண்டி மைதானமே வேறொரு வழக்கில் சிக்கியது. 1946இல் 160 ஏக்கர் சொச்சம் அரசு நிலத்தை, வருடத்துக்கு 614 ரூபாய் 13 அணா வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிளப்புக்குக் கொடுத்திருந்தார்கள். வாடகையை உயர்த்தியதில் தகராறு. பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கானது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்துக்குச் சீல் வைத்தது. ஊட்டி மைதானத்தின் நிலத்தையும் அதே ஆண்டு ஜூனில் எடுத்துக்கொண்டது. கிண்டியில் மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டினார்கள்.

அந்தக் காலத்து ரேஸைப் பற்றிப் பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசும்போது, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. குளம்படி ஓசை, பச்சைப் புல், ஜாக்கிகளின் பளபளக்கும் சட்டை, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்துவது, இவை அழகுதான். ஆனால் அந்த ரேஸுக்கு ஒரு மதில் இருந்தது. நாள் குறித்திருந்தார்கள், நேரம் இருந்தது, டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டியிருந்தது. சட்டத்துக்குப் புறம்பாக ஊருக்குள் நடந்த புக்கி வியாபாரத்தைத் தவிர்த்துப் பார்த்தால், கடைசிப் பந்தயம் முடிந்ததும் ஜன்னலை மூடிவிடுவார்கள். கையில் காசு மிச்சம் இருந்தாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ரேஸுக்குப் போனவரைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருப்பார், அலுவலகத்தில் தெரிந்திருக்கும், மனைவிக்கும் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். சண்டை போடவாவது ஒரு நேரம் இருந்தது.

செல்போனுக்கு அந்த மதில் இல்லை. மாடி அறையில், குளியலறையில், பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்கிய பிறகு, சத்தமில்லாமல் ஆடலாம். கடன் கொடுக்கும் செயலியும் அதே போனில் இருக்கிறது. கிண்டியில் தோற்றவர் கிழித்துப் போட்ட சீட்டு தரையில் கிடந்தது, பார்த்தவர்களுக்குப் புரிந்தது. இன்று கிழிக்கச் சீட்டுகூட இல்லை. சட்டம் தடை போட்ட பிறகும் வேறு பெயரில், வேறு வழியில் அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே நம் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் கீழே பெஞ்சில் உட்காரும்போது உங்கள் கிண்டிக் கதைகளை இளைஞர்களிடம் சொல்லுங்கள். ஜெயித்த நாளை மட்டுமல்ல, ரயிலில் பேசாமல் திரும்பிய நாளையும் சொல்லுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: கை கடித்திருந்தால் முதல் நாளே வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். பத்தாவது ஆட்டத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கை மேலே பார்த்தோம். முதல் ஆட்டத்தோடு எழுந்தவருக்கு நஷ்டம் குறைவு.