கரிசற் பஞ்சும் கலப்பற்றும்

கடலோடிகளின் பயணங்களை விரித்துரைக்கும் வரலாற்றாசிரியர்கள், அவர்தம் மரக்கலங்கள் கரையேறிச் செப்பனிடப்பெற்ற மாதங்களைப் பற்றி ஏனோ வாய் திறப்பதில்லை. கடலோட்டத்தின் சரிபாதி கரையில்தான் நடந்தது என்பது நம் கருத்து.

கோவில்பட்டிக் கரிசலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். அம்மண்ணில் விளைந்த பருத்தியின் கடல்வாயில் தூத்துக்குடி. 1876இல் இருப்புப்பாதை அமைந்தபின் பஞ்சுப் பொதிகள் கோவில்பட்டி வழியே அங்கு விரைந்தன. ஆயினும் ஆழமற்ற அத்துறையில் நீராவிக் கப்பல்கள் கரையை நெருங்க இயலவில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நின்ற அவற்றுக்குப் பொதி சுமந்தவை பாய்மரத் தோணிகளே. பெருந்தோணிகள் கொழும்புக்கும் தாமே சரக்கேற்றிச் சென்று மீண்டன.

தென்மேற்குப் பருவக்காற்று சீறும் காலம் தோணிக்கு மருத்துவ காலம். ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவர். கடற்புழு துளைத்த பலகைகளை மாற்றுவர். பலகைகளின் இடைவெளியில் பஞ்சுத்திரியை உளிகொண்டு செறித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசுவர். நீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருத்துப் பஞ்சை இறுகப் பற்றிக்கொள்ளும். சரக்காய்ப் பயணம் செய்த பஞ்சு, கலத்தின் உடலுக்குள்ளும் இவ்வாறு இடம்பெற்றது.

இப்பணிக்குக் கலப்பற்று என்று பெயர். அரபியரின் 'கல்ஃபத்'தும் போர்ச்சுகீசியரின் 'கலஃபாத்தே'யும் இச்சொல்லின் சுற்றத்தார். சுக்கான் அரபுச் சொல். மாலுமியோ, ஆசானைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்பதன் திரிபு. கலம் செலுத்துவோனை ஆசான் என்றழைத்த பண்பு எண்ணி மகிழத்தக்கது.

அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் 1183இல் செங்கடல் துறையான ஐதாபில் 'ஜலபா' என்னும் கலங்களைக் கண்டார். ஆணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்ட அவற்றின் மரமும் நாரும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை. நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறாவெண்ணெயோ பூசுவர், சுறாவெண்ணெயே சிறந்ததென்கிறார். பவளப்பாறையில் உரசினாலும் மரம் வளைந்துகொடுக்க வேண்டுமென்பதே நோக்கம். இத்துணை நுட்பம் அறிந்த துறையிலேயே, ஒரே பயணத்தில் கலத்தின் விலையை மீட்டுவிட எண்ணி ஹாஜிகளைக் கூண்டிலடைத்த கோழிகள்போல் நெருக்கி ஏற்றிய உரிமையாளர்களையும் அவர் கண்டார். மறுபயணத்தைக் கருதாதவனுக்குச் செப்பனிடல் வீண்செலவு. ஆண்டுதோறும் தோணியைக் கரையேற்றியவர்களோ மறுபயணத்தை எண்ணியே வாழ்ந்தவர்கள்.

இவர்தம் தொழிற்சொற்கள் பல எந்த அகராதியிலும் ஏறவில்லை. முதிய கலப்பற்றுக்காரர்கள் உள்ளபோதே அவற்றைத் தொகுப்பது நம் ஆய்வாளர்களின் கடன். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோணிகள் இயந்திரம் பூண்டன. பாய் தைப்போர் வேலையிழந்தனர். மரவுடலின் இடைவெளிகளில் பஞ்சு செறிக்கும் வேலை மட்டும் அதன்பின்னும் தொடர்ந்தது.