உக்காத வலை: முந்தல் கரையில் பிளாஸ்டிக்கின் கதை

பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நகரத்துக் குப்பைமேட்டிலிருந்தே தொடங்குகின்றனர். அதன் வரலாற்றை விளங்கிக்கொள்ள மீன்பிடிக் கரையொன்றே தகுந்த இடம் என்பது என் எண்ணம். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையே அமைந்த முந்தல் அத்தகைய ஓரிடம். ஒருபுறம் முந்தல் களப்பு. அதனைக் கடலிலிருந்து பிரிக்கும் மணற்றிட்டில் உடப்பு என்னும் பழந்தமிழ்க் கரைவலைக் கிராமம். பிளாஸ்டிக் வரமாக வந்ததையும், பின்னர் வினையாக மாறியதையும் இந்தக் கரை ஒருங்கே கண்டிருக்கிறது.

நைலோன் வருவதற்கு முன் இலங்கை மீனவரின் வலை பருத்தி நூலாலும் சணலாலும் ஆனது. கரைவலையை இழுக்கும் கயிறு தென்னந்தும்பில் திரித்தது. மிதவைகளோ இலேசான மரக்கட்டைகள். இவை யாவும் உக்கும் பொருட்கள். நனைந்த வலையை மடித்து வைத்தால் சில நாட்களில் நூல் இற்றுப்போகும். ஆகவே வலையை வெயிலில் உலர்த்துவதும், மரப்பட்டை அவித்த சாயத்தில் தோய்ப்பதும் மீன்பிடிப்பதைப் போலவே ஓயாத வேலையாக இருந்தன. உழைப்பின் பெரும்பகுதி வலையைக் காப்பதிலேயே கரைந்தது.

இந்தச் சிறையிலிருந்து மீனவனை விடுவித்த பொருள் ஆய்வுகூடங்களிலே பிறந்தது. 1862இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் தாவரச் செலுலோசிலிருந்து செய்த பார்க்கசினை இலண்டன் கண்காட்சியில் வைத்தார். 1907இல் லியோ பேக்லன்ட் முற்றிலும் செயற்கையான முதல் பிளாஸ்டிக்காகிய பேக்கலைற்றை உருவாக்கினார். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வுகூடத்தில் பொலித்தீன் தற்செயலாகக் கிடைத்தது. 1935இல் அமெரிக்காவின் டியூபொன்ற் நிறுவனத்தில் வொலஸ் கரோதர்ஸ் நைலோனைக் கண்டுபிடித்தார். பொலிபுரோப்பிலீன் வந்தது 1954இல்.

இலங்கைக் கரைகளுக்கு நைலோன் வலை 1950களின் பிற்பகுதியில், இயந்திரப் படகுகளோடு சேர்ந்து வந்தது. அது இலேசானது, நீரை அதிகம் உறிஞ்சாதது, மெல்லிய இழையாயினும் அறுபடாதது, எல்லாவற்றுக்கும் மேலாக, உக்காதது. தும்புக் கயிற்றின் இடத்தைக் காலப்போக்கில் செயற்கை இழைக் கயிறு பிடித்தது. சணற்சாக்கின் இடத்துக்கு உரப்பை வந்தது. மரவள்ளம் இருந்த இடத்தில் கண்ணாடியிழைப் படகு நின்றது. எந்தச் சட்டமும் மீனவரை இவற்றை வாங்குமாறு வற்புறுத்தவில்லை. உழைப்பு மிச்சமாயிற்று, ஆகவே வாங்கினர்.

பிளாஸ்டிக் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அது பல பொருட்களின் குடும்பம். பொலித்தீன், நைலோன், பொலிபுரோப்பிலீன் போன்றவை சூடாக்கினால் இளகும். உருக்கி வேறு பொருளாக வார்க்கலாம். பேக்கலைற்றும் கண்ணாடியிழைப் படகிலுள்ள பிசினும் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகா. ஆயுள் முடிந்த படகுகளை என்ன செய்வது என்பது உலகெங்கும் சிக்கலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கடலைப் பொறுத்தவரை இன்னொரு பண்பும் முக்கியமானது. ஒரு கன சென்ரிமீற்றர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1.025 கிராம். நைலோன் 1.14 கிராம் என்பதால் அமிழும். பொலித்தீனும் பொலிபுரோப்பிலீனும் ஒரு கிராமுக்கும் குறைவு; எனவே மிதக்கும். தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெற் பிளாஸ்டிக் 1.38 கிராம்; மூடிய வெறும் போத்தல் மிதக்கும், நீர் புகுந்தால் அடிக்குப் போகும். வலையை நைலோனிலும் மிதவையை ரெஜிபோமிலும் செய்வதன் நுட்பம் இதுவே. கைவிடப்பட்ட பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதையும் இதே கணக்குத்தான் தீர்மானிக்கிறது. அறுந்துபோன நைலோன் வலை கடலடியில் கிடந்து, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். பொலித்தீனோ கரையொதுங்கி, வெயிலில் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகும். நொறுங்குவது வேறு, உக்குவது வேறு.

இந்தப் பாடத்தை மேற்குக் கரை 2021இல் கொடுமையாகக் கற்றது. அவ்வாண்டு மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நின்ற எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பலில் தீப்பற்றியது. ஜூன் தொடக்கத்தில் அது மூழ்கத் தொடங்கியது. அதில் இருந்தவற்றுள் ஏறத்தாழ 1,680 டொன் பிளாஸ்டிக் மணிகளும் அடங்கும். பை, போத்தல், கயிறு எதுவாகவும் உருமாறக் காத்திருந்த, பருப்பளவு மூலப்பொருள் அது. பொலித்தீன் மணிகள் மிதந்தன. தென்மேற்குப் பருவக் காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளியது. நீர்கொழும்புக்கு அருகே சரக்குவக் கரையில் மணல் தெரியாதவாறு குவிந்தன. வடக்கே புத்தளம் மாவட்டக் கரைகளுக்கும் பரவின. கடலில் பதிவான மிகப்பெரிய பிளாஸ்டிக் சிதறல் என ஐக்கிய நாடுகளின் அறிக்கை அதனைக் குறிப்பிட்டது. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இலங்கையில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 20 மைக்ரோனுக்கும் மெல்லிய பொலித்தீன் 2007இலும், லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்ரெம்பரிலும், சிறு சசே பக்கற்றுகள் 2021 மார்ச்சிலும் தடைசெய்யப்பட்டன. ஆயினும் சந்தைக்குப் போய்வரும் எவருக்கும் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளி தெரியும்.

மீண்டும் பருத்தி வலைக்குத் திரும்புங்கள் என்று கரைவலைச் சம்மாட்டியிடமோ கயிறிழுக்கும் தொழிலாளியிடமோ சொல்ல எனக்கு மனம் வராது. உக்காத தன்மை அவர்களுக்குச் சோறு போட்டது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் வலைக்கு அந்தத் தன்மை வேண்டும். கடையிலிருந்து வீடுவரை மீனைச் சுமந்துவரும் சொப்பிங் பைக்கு அது எதற்கு? அந்த வழிக்குப் பனையோலைப் பையும் தாமரை இலையும் போதுமானவையாக இருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. பழைய வலையைக் கடலில் விடாது திரும்பக் கொண்டுவருபவருக்கு ஒரு விலை கொடுக்கவும், கடையில் வாங்கும் பைக்கு நாம் ஒரு விலை கொடுக்கவும் பழகினால், பாதிக் கரை தூய்மையாகும். இந்த இரண்டில் முதலாவதை அரசு செய்யவேண்டும்; இரண்டாவதற்கு நாம் அரசைக் காத்திருக்கத் தேவையில்லை.