அந்த வாரிசு பிழைத்திருந்தால்?

கி.பி. 1614-ஆம் ஆண்டில் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதிராயர் காலமானார். 28 ஆண்டுகள் ஆட்சி புரிந்தவர் அவர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் நொறுங்கிப்போன பேரரசை, சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்தவாறு ஓரளவு தூக்கி நிறுத்தியவர். ஆனால் அவருக்கு மக்கட்பேறு இல்லை. தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை அடுத்த அரசராக அறிவித்துவிட்டு அவர் கண்மூடினார்.

பெருந்தலைவர்களுள் ஒருவரான ஜக்கராயர் இதை ஏற்கவில்லை. அவர் அரசியருள் ஒருவருக்கு நெருங்கிய உறவினர். வேங்கடரின் மகன் என்று ஒரு சிறுவனை அவர் முன்னிறுத்தினார். அவன் அரசரின் பிள்ளையே அல்லன் என்றனர் எதிர்த் தரப்பினர். ஸ்ரீரங்கரும் அவர் மனைவி மக்களும் சிறையில் அடைக்கப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர். அவருடைய மகன்களுள் இராமதேவன் என்ற சிறுவன் மட்டும் தப்பினான். ஸ்ரீரங்கருக்குத் துணை நின்ற யாசம நாயக்கரின் ஏற்பாட்டின்படி, சலவைத் தொழிலாளி ஒருவர் அவனைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். இச்செய்தியை 1616-இல் கடிதமாக எழுதி வைத்தவர் போர்த்துகீசியப் பாதிரியார் பாராதாஸ்.

இதைத் தொடர்ந்து மூண்ட வாரிசுப் போர் தமிழகம் முழுவதையும் இரண்டாகப் பிளந்தது. மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயர் பக்கம். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். திருச்சிராப்பள்ளிக்கு அருகே தோப்பூரில் 1616-17-இல் நடந்த பெரும் போரில் ஜக்கராயர் மாண்டார். இராமதேவன் அரசனானான். ஆனால் பேரரசு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இதைப் படிக்கும் மாணவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. வேங்கடருக்கு ஓர் ஆண் மகவு இருந்திருந்தால், அல்லது ஸ்ரீரங்கர் கொல்லப்படாமல் இருந்திருந்தால், என்ன ஆகியிருக்கும்? பேரரசு நிலைத்து, ஐரோப்பியர் நம் கரையில் காலூன்ற முடியாமலே போயிருக்குமா?

'நடந்ததுதான் வரலாறு, நடக்காததைப் பற்றிப் பேசுவது வீண்' என்று சிலர் இக்கேள்வியை ஒதுக்கிவிடுவர். ஆனால் 'இதனால்தான் அது நிகழ்ந்தது' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், 'இது இல்லையேல் அது நிகழ்ந்திராது' என்றும் நாம் சொல்லிவிடுகிறோம். ஆகவே கேள்வி தவறன்று. அதற்கு விடை காணும் முறைதான் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கோலியும் கிண்ணமும்

இயற்பியலிலிருந்து ஓர் எளிய உவமையைக் கொள்வோம். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் உச்சியில் ஒரு கோலியை வையுங்கள். மெல்ல ஊதினாலும் அது உருண்டோடிவிடும். எத்திசையில் ஓடும் என்பதை ஊதிய திசையே தீர்மானிக்கிறது. இது நிலையற்ற சமநிலை. இப்போது கிண்ணத்தை நிமிர்த்தி அதனுள் கோலியை இடுங்கள். எப்பக்கம் தள்ளினாலும் சற்று ஆடிவிட்டு அடிக்கே வந்து சேரும். இது நிலையான சமநிலை. கிண்ணம் ஆழமற்றதாக இருந்தால், சற்றே வலுவான தள்ளலில் கோலி விளிம்பைத் தாண்டி வெளியேறிவிடும்.

சிறு மாறுதல் பெரு விளைவைத் தருவது உண்டா? உண்டு. 1961-இல் அமெரிக்க வானிலை விஞ்ஞானி எட்வர்டு லாரன்ஸ் கணிப்பொறியில் ஒரு கணக்கைத் திரும்பச் செய்தபோது, 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். சிறிது நேரம் இரு கணக்குகளும் ஒன்றுபோலவே சென்றன. பிறகு விலகத் தொடங்கி, முடிவில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வானிலைகளைக் காட்டின. ஆனால் மார்கழியில் குளிரும் சித்திரையில் வெயிலும் வருவதை இவ்வளவு சிறிய மாறுதல் தடுத்துவிடுவதில்லை. வானிலை தடுமாறும், பருவங்கள் தடுமாறா. வரலாற்றிலும் எது வானிலை, எது பருவம் என்று பிரித்தறிவதே நம் வேலை.

லிஸ்பனிலிருந்து பழவேற்காடு வரை

ஐரோப்பிய அரச குடும்பங்களில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த அதே 1498-ஆம் ஆண்டில், போர்த்துகல் மன்னர் மானுவேலுக்கு மிகேல் என்ற மகன் பிறந்தான். தந்தை வழியில் போர்த்துகலும், தாய் வழியில் ஸ்பெயினின் காஸ்தீல், அரகோன் அரசுகளும் அவனுக்குரியவை. ஆனால் இரண்டு வயது நிறையுமுன் 1500-இல் அவன் இறந்தான். ஸ்பெயினின் உரிமை அவன் சிற்றன்னை ஜுவானாவுக்குச் சென்றது. அவர் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவ்வழியாக ஸ்பெயினும் நெதர்லாந்தும் ஒரே மன்னரின் கீழ் வந்தன. பின்னர் 1568 முதல் டச்சுக்காரர்கள் ஸ்பெயினை எதிர்த்துப் போராடினர்.

மற்றொரு வாரிசின் கதையும் இதனுடன் பிணைந்தது. 1578-இல் போர்த்துகல் மன்னர் செபஸ்தியான் 24 வயதில், மணமாகாத நிலையில், மொராக்கோப் போர்க்களத்தில் மடிந்தார். 1580-இல் போர்த்துகலும் ஸ்பெயின் மன்னர் வசமாயிற்று. கீழ்த்திசைச் சரக்குகளை லிஸ்பன் துறைமுகத்தில் வாங்கிவந்த டச்சு வணிகர்களுக்கு அந்நகரம் இப்போது எதிரியின் நகரம். அவர்கள் தாமே கப்பலேறினர். 1602-இல் தம் கம்பெனியைத் தொடங்கினர். 1610-இல் பழவேற்காட்டில் வணிகம் செய்ய உரிமை பெற்றனர். அவ்வுரிமையை வழங்கியவர் நாம் முன்னர்க் கண்ட அதே வேங்கடபதிராயர்!

இதிலிருந்து, 'மிகேல் பிழைத்திருந்தால் பழவேற்காட்டிற்கு எவரும் வந்திருக்கமாட்டார்கள்' என்று முடிவு கட்டலாமா? ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதுபோல் ஓர் ஒப்பீட்டுச் சோதனை செய்வோம். ஸ்பெயினுடன் இத்தகைய பகை இல்லாத நாட்டினர் எவரேனும் வந்தனரா? வந்தனர். டென்மார்க் நாட்டினர் 1620-இல் தரங்கம்பாடியைப் பெற்றனர். ஆகவே யார் முதலில் வந்தனர், எந்த ஆண்டில் வந்தனர் என்பன வாரிசுகளால் மாறக்கூடியவை. எவரேனும் வருவது என்பது அவ்வளவு எளிதில் மாறக்கூடியதன்று. ஏனெனில் அவர்களை இழுத்தது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. ஜாவா, மலுக்கா முதலிய தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்குவதற்கு அத்துணியே கைப்பணம்போல் பயன்பட்டது.

அனுமதி அளித்தவர்கள் யார் யார் என்றும் பாருங்கள். டச்சுக்காரர்களுக்கு விஜயநகரப் பேரரசர். டேனியர்களுக்குத் தஞ்சை நாயக்கர். 1639-இல் சென்னையில் ஆங்கிலேயர்களுக்குத் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். 1674-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு பீஜப்பூர் சுல்தானின் அதிகாரி. நால்வரும் வெவ்வேறு நிலையினர்; ஆயினும் நால்வரும் ஒரே முடிவையே எடுத்தனர். சுங்க வருமானம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. கடலில் கப்பற்படை வைத்து எதிர்க்கும் வலிமை அவர்களுள் எவரிடமும் இல்லை. ஆகவே அரியணையில் ஸ்ரீரங்கரே இருந்திருந்தாலும் இம்முடிவு மாறியிருக்கும் என்று கருத இடமில்லை.

அதே தள்ளல், வேறு விளைவு

சரி, ஐரோப்பியர் வரவு ஒருபுறம் இருக்கட்டும். பேரரசு சிதைந்ததற்காவது 1614-இன் வாரிசுப் பூசல் காரணமா? இதற்கும் ஒப்பீட்டுச் சோதனை ஒன்று இருக்கிறது. 1657-இல் ஷாஜகான் நோயுற்றபோது அவருடைய நான்கு மகன்களும் அரியணைக்காகப் போரிட்டனர். உடன்பிறந்தோரை ஒழித்து ஔரங்கசீப் வென்றார். தள்ளல் ஏறத்தாழ அதே வலிமையுடையதுதான். ஆனால் முகலாயப் பேரரசு அப்போது சிதையவில்லை. மாறாக, 1686-இல் பீஜப்பூரையும் 1687-இல் கோல்கொண்டாவையும் விழுங்கி மேலும் பெருத்தது.

வேறுபாடு கிண்ணத்தின் ஆழத்தில் இருக்கிறது. முகலாயரின் மன்சப்தார்கள் அரசரால் அமர்த்தப்பட்டவர்கள்; ஓரிடத்தில் வேரூன்றிவிடாதபடி அவர்களுடைய வருவாய் நிலங்கள் அடிக்கடி மாற்றப்பட்டன. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களோ தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் ஆண்டனர். வரி அவர்கள் கையில். படை அவர்கள் கையில். வேங்கடபதிராயரே தம் காலத்தில் அடங்காத நாயக்கர்கள்மீது படையெடுக்க நேர்ந்தது. அவருடைய திறமையால் கோலி கிண்ணத்தினுள் நின்றது. ஆனால் கிண்ணம் அதற்கு முன்பே தட்டையாகிவிட்டிருந்தது. 1614-இல் இல்லாவிட்டால் இன்னொரு தள்ளலில் அது வெளியேறியிருக்கும் என்றே கருதத் தோன்றுகிறது.

அப்படியாயின் தனி மனிதர்களின் செயலுக்குப் பொருளே இல்லையா? அவ்வாறு கூறுவதும் பிழை. ஸ்ரீரங்கரின் குடும்பம் கொல்லப்படாதிருந்தால் தோப்பூர்ப் போர் நடந்திராது. அங்கு மாண்டவர்கள் தம் ஊர்களுக்குத் திரும்பியிருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை ஜக்கராயரின் செயலே முழு வரலாறு. பேரரசின் முடிவு மாறாது என்பதால் கொலை சிறியதாகிவிடாது.

நம் ஊர்ப் பக்கம்

பேரரசுகளை விட்டு, ஒரு சிறு நிலப்பகுதியிலும் இந்த முறையைச் சரிபார்க்கலாம். ஊத்துக்குளியைச் சுற்றியுள்ள கொங்குப் பகுதி, மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஐதர் அலி, திப்பு சுல்தான் என்று கைமாறி, 1799-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் வரி வாங்குபவர் மாறினார். படைகள் கடந்துபோன ஊர்கள் துன்புற்றன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பாலக்காட்டுக் கணவாய் எந்த அரசருக்காகவும் இடம் மாறவில்லை. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அக்கணவாயை நோக்கிச் சென்ற பெருவழியில், நொய்யல் கரையில், கொடுமணல் என்னும் தொழிலூர் இருந்தது. அங்குக் கல்மணிகள் செய்யப்பட்டன, இரும்பு உருக்கப்பட்டது, நூல் நூற்கப் பயன்பட்ட தக்களிகளும் அகழாய்வில் கிடைத்துள்ளன. 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இருப்புப்பாதை அமைத்தவர்களும் ஊத்துக்குளி, திருப்பூர் வழியாக அதே கணவாய்க்குத்தான் சென்றனர். எத்தனையோ அரச மரபுகளின் 'வானிலை'க்கு அடியில் இருந்த 'பருவம்' இது.

எந்தக் கேள்வி பயனுள்ளது?

மாணவர்கள் இத்தகைய கேள்விகளைத் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலாவது, ஒரே ஒரு மாறுதலை மட்டும் செய்க. அதுவும் அக்காலத்தில் உண்மையில் நடந்திருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, அதன் விளைவைச் சில ஆண்டுகளுக்கு மட்டும் தொடர்க. லாரன்ஸின் கணக்கைப்போல், ஆண்டுகள் செல்லச் செல்லப் பிழை பெருகும். மூன்றாவது, அதே தள்ளல் வேறோர் இடத்தில் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க.

இவ்விதிகளின்படி பார்த்தால், 'வேங்கடருக்கு ஒரு மகன் இருந்திருந்தால்' என்பது கோலியைப் பற்றிய கேள்வி மட்டுமே. 'நாயக்கர் பதவிகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாத ஏற்பாடு இருந்திருந்தால்', 'சோழமண்டல வணிகர்களுக்குத் துணையாக ஓர் அரசு கப்பற்படை வைத்திருந்தால்' என்பன கிண்ணத்தைப் பற்றிய கேள்விகள். இவை ஒரு துரோகியால் கெட்டுவிட்டோம் என்ற எளிய ஆறுதலைத் தருவதில்லை. ஓர் அரசு ஒரு மனிதரின் மரணத்தைத் தாங்க வேண்டுமானால் அதன் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. அரசர்கள் இல்லாத இன்றைய நாட்டிலும் அச்சிந்தனைக்கு வேலை இருக்கிறது.