கட்டளை அலையில், வலிமை வண்டியில்

‘மான்ஸ்டர் டிரக்’ என்னும் பொம்மை வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். உடலைவிடச் சக்கரங்களே பெரிதாகத் தோன்றும் வண்டி அது. உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் வரும். நாமே திருகுகளை முடுக்கி ஒன்றுசேர்க்க வேண்டும். வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில், ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அத்தகைய வண்டியை நீங்கள் பூட்டி முடித்ததாக வைத்துக்கொள்வோம். கையிலுள்ள ரிமோட்டின் விசையை அழுத்தியதும், வண்டி ஜல்லிக் குவியலின் மேல் ஏறுகிறது. அந்த வலிமை எங்கிருந்து வந்தது?

ரிமோட்டிலிருந்து அலைவழியே வந்தது என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. வலிமை வண்டியிலுள்ள பாட்டரியினுடையது. அலை கொண்டுவருவது கட்டளையை மட்டுமே. ஊசுட்டேரியின் மதகைத் தூக்குகிறவர் ஏரி நீரைத் தம் கையால் தள்ளுவதில்லை அல்லவா? அவர் வழி திறக்கிறார். நீர் தானே பாய்கிறது.

இவ்வுண்மையை மக்கள் முன்னிலையில் செய்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவர். கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் 1895ஆம் ஆண்டு அந்நகரில் ஒரு சோதனை நடத்தினார். அவர் கருவியிலிருந்து புறப்பட்ட மின்காந்த அலைகள் மூன்று சுவர்களையும், தலைமை வகித்த வங்காளத் துணை ஆளுநரின் உடலையும் ஊடுருவிச் சென்றன. 75 அடி தொலைவில் ஒரு மணி ஒலித்தது, கைத்துப்பாக்கி வெடித்தது, சிறிது வெடிமருந்தும் தீப்பற்றி வெடித்தது.

மணியை அடித்தது அலையா? இல்லை. அலை பட்டதும் ஏற்பியில் மின்தடை குறைந்தது. அங்கிருந்த மின்கலத்தின் மின்னோட்டம் பாய்ந்தது. அக்காலத்து ஏற்பிகளில் உலோகத் துருவல்களே இருந்தன. வங்காளத்தின் ஈரக் காற்றில் அவை துருப்பிடித்தன. எனவே போஸ், துருவலுக்குப் பதிலாகச் சிறு சுருள்வில்களை வைத்தார்.

போஸின் கட்டளை ‘நடத்து’ என்ற ஒன்றே. திசை திருப்பவும் கற்பித்தவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க் நகரில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பியின்றிச் செலுத்திக் காட்டி, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். போஸோ காப்புரிமையில் நாட்டமற்றவர். நண்பர்களின் வற்புறுத்தலால் 1901இல் விண்ணப்பித்து, 1904இல் ஓர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கம்பியில்லாக் கருவிகளின் வரலாற்றில் அவர் பெயர் நெடுநாள் பின்தங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின் கருவிகள் சுருங்கின. அமெரிக்கரான பாப் சாண்ட்லர் 1970களில் தம் ஃபோர்டு வண்டிக்குப் பெருஞ்சக்கரங்கள் பூட்டி ‘பிக்ஃபுட்’ எனப் பெயரிட்டார். மான்ஸ்டர் டிரக் மோகம் அதிலிருந்து வளர்ந்தது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1987இல் ‘கிளாட் பஸ்டர்’ என்னும் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு மோட்டார்களும், நான்கு சக்கரங்களும் திரும்பும் அமைப்பும் அதன் சிறப்பு.

இன்றைய வண்டியில் சக்கரத்தைத் திருப்புவது ‘சர்வோ’ என்னும் சிறு பெட்டி. அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 50 மின்துடிப்புகள் செல்கின்றன. துடிப்பின் நீளம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கானால் சக்கரம் நேராக நிற்கும். நீளம் கூடினால் ஒரு பக்கமும், குறைந்தால் மறுபக்கமும் திரும்பும்.

இன்னொரு வியப்பு! பல ரிமோட்டுகள் இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். போஸ் கையாண்டவையோ சில மில்லிமீட்டர் வரை குறுகியவை.

வண்டியைப் பூட்டும்போது உள்ளேயுள்ள கம்பிகளைக் கவனியுங்கள். பாட்டரியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கம்பி தடித்தது. ரிசீவரிலிருந்து வருவது மெல்லியது. தடித்த கம்பியில் வலிமை, மெல்லிய கம்பியில் கட்டளை. கல்கத்தா மக்கள் 1895இல் மணியோசையாகக் கேட்டது இந்தப் பாடத்தைத்தான்.