உப்பை இழந்த களிமண்

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் களிமண் கலங்கிய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பிட்ட தம்ளரில் கலங்கல் திரண்டு விரைவில் அடியில் படியும். மற்றதில் நெடுநேரம் மிதக்கும். இந்தச் சிறு வேறுபாடு நார்வே நாட்டில் பல உயிர்களைப் பறித்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

1893 மே மாதத்தில் அந்நாட்டின் வெர்டால் பள்ளத்தாக்கில் ஓர் இரவில் நிலம் கூழாகிப் பாய்ந்தது. 116 பேர் மாண்டனர். கட்டியாயிருந்த களிமண் எப்படிக் கூழாயிற்று?

1946-இல் ஐவான் ரோசன்க்விஸ்ட் என்ற நார்வே விஞ்ஞானி இதற்கு விளக்கம் தந்தார். பனியூழியின் இறுதியில் அக்களிமண் கடலடியில் படிந்தது. களிமண் துகள்கள் மெல்லிய தகடுகள். அவற்றின் பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கும். கடலுப்பின் நேர்மின் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணித்தன. ஆகவே தகடுகள் சீட்டுக்கட்டு வீடுபோல் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

பனிப்பாளங்களின் பாரம் நீங்கியதும் கடலடி உயர்ந்து நிலமாயிற்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடி நன்னீர் உப்பைக் கழுவிச் சென்றது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இத்தகைய மண்ணின் நீரிலோ பெரும்பாலும் 2 கிராமுக்கும் குறைவு. சீட்டு வீடு நின்றது, பிடிப்புத்தான் போயிற்று. அசைத்தால் வீடு சரியும். தகடுகள் மீண்டும் ஒட்டாமல் மண் கூழாகும்.

1978 ஏப்ரல் 29 அன்று ரிஸ்ஸாவில் அதுதான் நடந்தது. ஒரு பண்ணையில் தொழுவத்தை விரிவாக்கத் தோண்டிய சுமார் 700 கன மீட்டர் மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். அந்தப் பாரமே போதுமாயிருந்தது. 50 இலட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட மண் சரிந்து பாய்ந்தது, ஒருவர் உயிரிழந்தார்.

நோயின் காரணம் தெரிந்தால் மருந்தும் புலப்படும். கூழான களிமண்ணில் உப்பைக் கலந்தால் மீண்டும் இறுகுகிறது. 2013-இல் ட்ரோண்ட்ஹைம் நகரில் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய கிணறுகளை அமைத்துச் சோதித்தனர். அவற்றைச் சுற்றியிருந்த மண் உறுதி பெற்றது. ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. 2020 டிசம்பர் 30 அன்று யேர்ட்ரும் பகுதியில், ஓடை அரித்த சரிவு இடிந்து 10 பேர் இறந்தனர்.

நார்வேயில் இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செய்த மாற்றத்தை, ஆலைகளிலிருந்து கசியும் அமிலமும் காரமும் சில ஆண்டுகளிலேயே செய்துவிடலாம். சில களிமண் உப்பி எழும், சில வலுவிழக்கும். எனவே கடைக்கால் தோண்டுவோர் மண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. அதனுள் இருக்கும் நீரையும் சோதித்தாக வேண்டும்.