மணற்பலகையும் கைக்கணினியும்

தருமபுரி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்துள்ள கைக்கணினி, அதாவது திரையை விரலால் தொட்டு இயக்கும் பலகை வடிவக் கணினி, முற்றிலும் புதிய கருவியாகவே பேசப்படுகிறது. ஆயினும், விரலால் எழுதவும் எழுதியதை அப்போதே அழிக்கவும் இடந்தரும் ஒரு பரப்பைச் சிறுவர் முன் வைத்து எழுத்தின்மேல் ஆசையை உண்டாக்குவது தமிழ்நாட்டுக் கல்வியின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. கைக்கணினியைக் குறிக்கும் டேப்லெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் சிறுபலகை என்பதே மூலப்பொருள்.

திண்ணைப் பள்ளிகளில், அதாவது ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ச் சாவடியிலோ நடந்த பள்ளிகளில், பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலைக்கும் எழுத்தாணிக்கும் சென்றனர். ஓலையில் கீறிய பிழையை அழிக்க முடியாது. மணலிலோ கை ஒருமுறை தடவினால் பிழை இருந்த சுவடே இராது என்பதால், தவறிவிடுவோமோ என்ற அச்சமின்றிப் பிள்ளை மீண்டும் மீண்டும் எழுதிப் பார்க்க முடிந்தது.

இந்த முறையின் ஆற்றலை உணர்ந்து அதை உலகறியச் செய்தவர் ஒரு வெளிநாட்டவர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தம் இல்லத்தின் கீழ்வகுப்பில் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர் இது நடவாது என்று ஒதுக்கவே, ஜான் ஃபிரிஸ்கென் என்ற ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த ஏற்பாடு 1797இல் பெல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்று, பின்னர் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஆசிரியருக்குத் துணையாக மற்றப் பிள்ளைகளைக் கவனித்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையை நெடுங்காலமாக அறிந்திருந்த தமிழருக்கு இதில் வியக்க ஏதுமில்லை.

தருமபுரிக்கும் இவ்வரலாற்றில் ஓர் இழை உண்டு. திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பாராமகால் பகுதியில், அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடின் உதவி அலுவலராகத் தருமபுரியில் ஏழாண்டுகள் வரை பணியாற்றிய தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகி, 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் தொகுத்த கணக்கின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே 28 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர்.

மணலின் இடத்தைப் பின்னர் சிலேட்டும் பலப்பமும் பிடித்தன. கோவை இலையால் தேய்த்தால் சிலேட்டு பளிச்சிடும் என்பது ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த நுட்பம். அண்மைக் காலத்தில் இம்மரபை மீட்டது செயல்வழிக் கற்றல் எனலாம். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி வகுத்த முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த இத்திட்டத்தில், பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. தான் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் காட்டும் கற்றல் ஏணியைப் பார்த்துப் பிள்ளை தன் வேகத்தில் ஏறியது. சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் உயரத்துக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொருவருக்கும் தனியிடம் கிடைத்தது. தனக்கென்று ஓரிடம், தானே காணும் முன்னேற்றம் ஆகிய இவ்விரண்டும் தந்த ஊக்கத்தை எந்தப் பரிசுப்பொருளும் தந்திருக்காது.

2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்தின் மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைவு. ஆகவே தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் ஊட்ட 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இம்மாவட்டத்துக்குப் பிற மாவட்டங்களைவிடக் கூடுதலாகவே தேவைப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளைப் பகுக்கும் இத்திட்டத்தில் மாணவரின் அடைவு, அதாவது கற்று எட்டிய அளவு, செயலியில் பதியப்படுகிறது. 2024இல் மாநிலத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் 79,723 பேருக்குக் கைக்கணினி வழங்கும் திட்டத்துக்கு ரூ.101.48 கோடி ஒதுக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் கைக்கணினி ஆசிரியருக்கு உரியது. பிள்ளைக்கு உரியது அச்சிட்ட பயிற்சிநூல்.